முயல் தலையாட்டும் வரை

செரோட்டோனின் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டபோது என் வாய் நிறைய வாழைப்பழம் இருந்தது. உதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னை வரச்சொல்லியிருந்த டாக்டர், பஸ்ஸில் வந்தவளுக்குப் பசிக்கும் என்று ஒரு தட்டில் பூவன்பழம் வைத்திருந்தார். நான் கடித்து மெல்ல ஆரம்பித்த நேரம் பார்த்துக் கேட்டார்.

"இப்பத் திங்கிறீங்களே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

மாவுச்சத்து, சர்க்கரை என்று சொல்ல வாயில் இடமில்லை. அவரே சொன்னார். "செரோட்டோனின்னு ஒன்னு. வாழைப்பழத்துல இருக்கு. ஒங்க கொடல்ல இருக்கு, மூளையில இருக்கு, ரத்தத்துல இருக்கு. பூனைக்காலிக் காய் பட்டா அரிச்சுப் பிடுங்குதே, அந்தச் சொணையிலயும் இருக்கு. இத்தனை எடத்துல ஒக்காந்துக்கிட்டு அது என்னதான் பண்ணுது? யாருக்கும் சரியாத் தெரியல."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த காலமெல்லாம் எந்த வாத்தியாரும் தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. பழத்தை விழுங்கிவிட்டு, "நான் நாளைக்கே வாரேன் சார்" என்றேன். அவர் இன்னும் வேலை தருவதாகவே சொல்லியிருக்கவில்லை.

அது அறுபதுகளின் தொடக்கம். திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இந்தத் தெருவில் வாசலை வைத்து அடுத்த தெருவில் கொல்லையை முடித்திருந்த பெரிய வீடு. டாக்டரின் முன்னோர் பர்மாவில் வியாபாரம் செய்து கட்டியது. அவரோ வியாபாரத்தை விட்டு வைத்தியம் படித்து, சீமைக்குப் போய் மருந்து ஆராய்ச்சி கற்று, திரும்பி வந்து அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பந்தி போடுகிற நீளக் கூடத்தில் மேசைகளும் மெஷினும். அண்டா குண்டா அடுக்கி வைக்கிற அறைகளில் முயல் கூண்டுகள். "சீமைக்குப் போயிப் படிச்சுட்டு வந்து முசலு வளக்குறான்" என்று அவருடைய பங்காளிகள் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். அவர் காதில் விழுந்தாலும் விழாதது மாதிரி இருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எங்கள் ஊர் கறம்பக்குடிப் பக்கம். அங்கிருந்து தினம் வந்து போக முடியாது. புதுக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் திருமயம் பஸ்ஸைப் பிடிப்பேன். அப்பாவின் அக்கா அவர். படித்த பெண் முயலைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட ஒரு மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவருடைய தீர்மானமான கருத்து. அதைத் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவார்.

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அரளி இல்லாத வேலி கிடையாது. ஆடு தின்றாலும் ஆள் தின்றாலும் அது போய்ப் பிடிக்கிற இடம் இருதயம். டாக்டர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் அப்படி வந்தவர்களின் கையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். நாடி ஓடும், நிற்கும், முந்திக்கொண்டு துள்ளும், மறுபடி காணாமல் போகும். கொடுக்க மருந்து கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். பிறகு சீமையில் படித்தபோது, ஒற்றைத் தலைவலிக்கும் அரிப்புக்கும் என்று புதிதாக வந்த சில மருந்துகளைப் பற்றித் தெரிந்துகொண்டார். அவை செரோட்டோனினை வேலை செய்யவிடாமல் தடுப்பவை. செரோட்டோனின் இருதயத்தின் தாளத்தையும் கெடுக்கக்கூடும் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அப்படியானால் அதைத் தடுத்துவிட்டால், அரளி கெடுக்கிற தாளத்தைக் கொஞ்சமாவது தாமதப்படுத்த முடியுமா? இவ்வளவுதான் கேள்வி.

ஒரு நாளைக்கு இரண்டு முயல். இரண்டுக்கும் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைப்போம். ஒன்றுக்குச் சீமை மருந்து, இன்னொன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு இரண்டுக்கும் அரளிச் சத்தை நரம்பு வழியாக மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே, எது எப்போது தாளம் தப்புகிறது என்று பார்ப்போம். சீமை மருந்து உடம்பில் ஊறுவதற்கு நேரம் வேண்டும். அதனால் முதலில் வருகிற முயலுக்கு அது, அடுத்து வருகிற முயலுக்கு உப்புத் தண்ணீர். இந்த ஏற்பாடு நினைவிருக்கட்டும்.

இ.சி.ஜி. மெஷினைக் கவனிப்பது என் வேலை. முயலின் காலில் குத்திய ஊசியிலிருந்து கம்பி வந்து மெஷினில் சேரும். பேனா முனை எழும்பி எழும்பி நீளக் காகிதத்தில் கோடு போடும். முதலில் எல்லாம் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் வரும். பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வந்துவிடும். திடீரென்று ஓர் இடம் காலியாக விடுபடும். அப்புறம் ஒன்று அவசரப்பட்டு முந்தும். அப்புறம் ரெண்டு மூன்றாக முந்தும். கடைசியில், தையல் மெஷின் ஓட்டத் தெரியாதவள் போட்ட தையல் மாதிரி கன்னாபின்னாவென்று போகும். அந்த முதல் விடுபடலுக்காகக் கண்ணைக் கொட்டாமல் காத்திருப்பேன். பாவமாக இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. இருந்தது. மத்தியானம் சோறு இறங்காது, யாரையாவது கடிந்துகொண்டே இருப்பேன். ஆனால் அடுத்த நாள் காலையில் எல்லாருக்கும் முந்தி பஸ்ஸில் ஏறுகிறவளும் நான்தான்.

நாலைந்து மாதத்தில் டாக்டரின் நடையே மாறிவிட்டது. மருந்து வாங்கிய முயல்கள் தாக்குப்பிடித்தன. உப்புத் தண்ணீர் முயல்கள் சீக்கிரமே தாளம் தப்பின. ஏதோ ஒரு நாள் அல்ல, ஏறக்குறைய எல்லா நாளும். அவர் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே, "அரளிக்கு ஒரு பதில் கெடைக்கப்போகுதும்மா" என்பார். மெட்ராஸில் இருந்த தன் பழைய பேராசிரியருக்குச் சொல்லி அனுப்பினார். நேரில் வந்து பார்க்கிறேன், வேலை நம்பும்படி இருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்னிடம் ஆராய்ச்சி மாணவியாக ஓர் இடம் தருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்துக் கண்டக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அதற்கு அப்புறம் எனக்குச் சோறு, தூக்கம், கனவு எல்லாம் மெட்ராஸ்தான்.

"மெட்ராஸ் போறாளாம்ல மெட்ராஸ்" என்றார் அத்தை. "திருச்சியில ஆபீஸ் உத்தியோகத்துல ஒரு பையன் இருக்கான். அவுக வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காக. நீ மொதல்ல இதுக்கு ஒரு பதிலச் சொல்லு."

"மொதல்ல முசலு பதில் சொல்லட்டும் அத்தே" என்று நழுவிவிட்டேன்.

முயல்களைப் பார்த்துக்கொண்டவர் அந்த ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். முறுக்கு மீசை. ஊர்க் கருப்பர் கோயிலில் கிடா வெட்டுகிற உரிமை அவர் குடும்பத்துக்கு. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தாயி என்பார், நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொள்வோம். பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான். முயல் ஈரமாக வரும். அதிலும் இரண்டாவது முயல் சில நாள் தொப்பலாக நனைந்திருக்கும். ரோமத்தில் ஈரம் இருந்தால் மெஷினின் பேனா நடுங்கும். நான் துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்டே கத்துவேன்.

"ஏண்ணே, நெதம் குளிப்பாட்டச் சொல்லி ஒங்ககிட்ட யாரு அழுதா?"

"சுத்தபத்தமா அனுப்பணும்ல தாயி" என்பார். நானும் முயல் வாடைக்காகக் கழுவுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிடுவேன்.

பேராசிரியர் வர இன்னும் ஒரு மாதம் போல இருந்தது. அன்றைக்கு முதல் முயல் வந்து மருந்தும் ஏறிவிட்டது. இரண்டாவது வருகிற வழியாக இல்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு அண்ணனை ஒரு கை பார்த்துவிடுவது என்று கொல்லைப்பக்கம் போனேன்.

கிணற்றடித் துவைக்கிற கல்லின் மேல் முயல் உட்கார்ந்திருந்தது. அண்ணன் அதன் முன்னால் குத்துக்காலிட்டிருந்தார். பக்கத்தில் பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு கொத்து வேப்பிலை. குழந்தையிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்.

"உத்தரவு குடு சாமி. ஒன்னைய ஒன்னும் சும்மா கொல்லல. மனுசப்பய உசுரக் காப்பாத்தத்தான் கேக்குறாக. குடுத்துரு."

வேப்பிலையால் தண்ணீரைத் தெளித்தார். முயல் காதை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. மறுபடி தெளித்தார். கையில் அள்ளி ஊற்றினார். சொம்பு காலியானதும் வாளியில் மொண்டார். முயலின் மூக்கு மட்டும் படபடவென்று துடித்தது. கடைசியில் அது தலையை ஆட்டி ஒரு சிலுப்புச் சிலுப்பியது. தண்ணீர் அவர் மீசையெல்லாம் தெறித்தது.

அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். "இந்தா, சம்மதம் சொல்லிருச்சு. எடுத்துக்க தாயி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது தலையை ஆட்டி உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, கிடாவும் ஒத்துக்கொண்டது என்று பொருள். சிலுப்பாத கிடாவை வெட்டக்கூடாது. அதனால் சிலுப்புகிற வரைக்கும் குடம் குடமாக ஊற்றுவார்கள், ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கும். அதை ஒரு மனிதர் முயலுக்குச் செய்வார் என்று யார் நினைத்தது! டாக்டரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று முயலை வாங்கினேன். வாங்கிய கையோடு கேட்டேன்.

"எல்லா முசலுக்கும் இப்புடித்தானாண்ணே?"

"பின்ன? கேக்காமயா அனுப்புவேன்? நான் என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கேன்?"

"அப்ப மொத முசலு?"

"சட்டுன்னு சம்மதிக்கிறத மொதல்ல அனுப்பிருவேன். மொரண்டு பிடிக்கிறது ரெண்டாவதா வரும். அதுக்குத்தான் இம்புட்டு நேரம்." கூண்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா கெடக்கு பாரு சாம்பக் கலர்ல, அவ இதுவரைக்கும் ஒத்துக்கிறவே இல்ல. என்ன ஊத்துனாலும் கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா. அதான் அவள விட்டு வச்சிருக்கேன்."

முயலைத் துண்டில் சுற்றும்போதே மனசு கணக்குப் போட்டது. முதலில் வருகிற முயலுக்கு மருந்து. அதாவது, தண்ணீர் பட்டதும் சட்டென்று சிலுப்பிக்கொண்ட திடமான முயலுக்கு மருந்து. ஊற்ற ஊற்ற ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்த முயலுக்கு உப்புத் தண்ணீர். இத்தனை மாதமும், ஒரு நாள் விடாமல். இரண்டு முயலும் ஒரே மாதிரி என்று நம்பித்தானே நாங்கள் கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்! மருந்துதான் காப்பாற்றியது என்று இனி எந்த வாயால் சொல்வது?

மத்தியானம் வரைக்கும் டாக்டரிடம் சொல்லவில்லை. மெட்ராஸ் கண் முன்னால் வந்து வந்து போனது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் மருந்தா, முயலா, எது, எது என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. பூனைக்காலிச் சொணை தோற்றது போங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, பழைய காகிதச் சுருள் ஒன்றை விரித்தார்.

"நாம மருந்தைப் பரிசோதனை பண்ணல" என்றார். "சம்மதத்தைப் பரிசோதனை பண்ணியிருக்கோம்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வது என்று முடிவானது. இரண்டு முயலும் சேர்ந்து வரவேண்டும். எதற்கு மருந்து என்பதை நான் காசைச் சுண்டி, பூவா தலையா பார்த்து முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் கூடவே கூடாது. இந்தக் கடைசி விதியை அண்ணனிடம் சொன்னதும் அவர் கூண்டுச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார்.

"கேக்காம கைய வைக்கச் சொல்றீகளா? நம்மால ஆகாது. வேற ஆளப் பாத்துக்கங்க."

நான் கத்தினேன். அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "ஒனக்கு மெசினு கோடு போட்டாப் போதும். தூக்கிட்டு வாரவன் நானு. அது என் மூஞ்சியத்தான் பாக்குது" என்றார். டாக்டர்தான் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். கேட்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை தண்ணீர்தான். சிலுப்பாவிட்டால் அன்றைக்கு அதற்கு லீவு. சிலுப்பிய இரண்டையும் துவட்டி ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். அண்ணன் முனகிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு மாதம் மாதிரி நான் எந்த மாதமும் இருந்ததில்லை. தினமும் காசைச் சுண்டுவேன், தினமும் மெஷின் முன்னால் உட்காருவேன், அந்த முதல் விடுபடல் இந்த முயலுக்கா அந்த முயலுக்கா என்று பார்ப்பேன். ஒரு நாள் மருந்து ஜெயிக்கும், மறுநாள் உப்புத் தண்ணீர் ஜெயிக்கும். வாரம் ஆக ஆக இரண்டும் ஒன்றாகவே வந்து நின்றன. எங்கள் முயல்களிடம், எங்கள் அரளியிடம், அந்தச் சீமை மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் துண்டைச் சுருட்டிக் கூடத்தின் அந்தக் கோடிக்கு எறிந்துவிட்டு அழுதேன். டாக்டர் போய் எடுத்து வந்து மடித்து வைத்தார். அவருக்கும் முகம் விழுந்துபோயிருந்தது.

பேராசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. பழைய காகிதச் சுருள்களைக் கூடத்துத் தரையின் ஒரு பக்கமும் புதியவற்றை மறு பக்கமும் நீளமாக விரித்து வைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவில் மெல்ல நடந்தார். கிடா வழக்கம், முயல், மஞ்சள் தண்ணீர் எல்லாவற்றையும் நான் சொல்லி முடித்தபோது அவர் கோடியில் நின்றுகொண்டிருந்தார்.

"மருந்துல ஒன்னும் இல்ல. சரி" என்றார். "ஆனா பழைய சுருளைப் பாருங்க. எவ்வளவு வித்தியாசம்! மருந்து செய்யலைன்னா வேற எதுவோ செஞ்சிருக்கு. எது?"

"ரெண்டுல ஒன்னு சார். சட்டுன்னு ஆட்டாத முயலுக்கு மொதல்லயே இருதயம் பலவீனமா இருந்திருக்கலாம். இல்லைன்னா, திரும்பத் திரும்பத் தண்ணி ஊத்துனது கெடுத்திருக்கலாம்."

"எது?"

"தெரியல சார்."

அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது. "தெரிஞ்சதும் சொல்லி அனுப்புங்க. ஜூன்ல இடத்தை நிரப்பிருவேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவர் போனதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. முயலா, தண்ணீரா? டாக்டரும் நானும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தோம். சட்டென்று சிலுப்புகிற திடமான முயல்களை மட்டும் எடுப்பது. காசு சுண்டி, அதில் ஒன்றைத் துவட்டி அப்படியே விடுவது. இன்னொன்றுக்கு, அது தலையாட்டிய பிறகும், பழையபடி திரும்பத் திரும்ப ஊற்றுவது. சீமை மருந்து கிடையாது, அரளி மட்டும். தண்ணீர் வாங்கியது முந்திக்கொண்டு தாளம் தப்பினால் குற்றவாளி தண்ணீர். இரண்டும் ஒன்றாக வந்தால் முயல்.

அண்ணனுக்கு இது பிடிக்கவே இல்லை. "அதான் சரின்னுருச்சுல்ல. சரின்னதுகிட்ட எதுக்கு மறுபடியும் கேக்கணும்?"

"கேட்டா என்ன ஆகுதுன்னு பாக்கத்தாண்ணே."

அவர் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டு ஊற்றினார்.

இந்தத் தடவை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வாங்கிய முயல்களின் கோடு முதலிலிருந்தே அவசரமாக ஓடியது. அரளி கொஞ்சம் ஏறியதுமே இடறியது. திடமான முயல், காலையில் கூண்டைச் சுற்றி ஓடிய முயல், அதுதான் இப்படி இடறியது. குளிராக இருக்குமோ என்று டாக்டர் கேட்டார். சித்திரை வெயிலில் கிணற்றடிக் கல்லே சுடுகிறது, இதில் குளிர் எங்கிருந்து வரும்! பயம்தான். மயக்கத்தில் கிடந்தாலும், அதற்கு முன்னால் பட்ட பயம் ரத்தத்தில் ஊறி இருதயத்தில் உட்கார்ந்திருந்தது. நான் அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் ஒரு குதி குதித்தேன். தெரிந்துவிட்டது! எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாக, யாருக்கும் தெரியாத ஒன்று தெரிந்துவிட்டது.

குதித்த வேகத்தில் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் முயல்களுக்கு அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை மெதுவாகி நின்றது.

"அப்ப அதுக தலைய ஆட்டுனது?"

"தண்ணி பட்டா ஆட்டும்ணே."

"சம்மதம் இல்லையா?"

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன்.

சாம்பல் முயல் கூண்டுக் கம்பி வழியாக ஒரு கீரையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

"எத்தன கெடாய்க்கு ஊத்தியிருக்கேன்" என்றார். "பயந்துபோயி நிக்கிறது தெரியாம, மொரண்டு பிடிக்குதுன்னு மேல மேல ஊத்தியிருக்கேன். கேக்குறோம் கேக்குறோம்னு அதப் படுத்தி எடுத்திருக்கோம் தாயி." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டார். "இனிமே ஒரு தடவதான் கேப்பேன். ஒரு தடவ கேட்டு ஆட்டலைன்னா வேணாங்குதுன்னு அர்த்தம். அத விட்டுறணும்."

மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்பினோம். இடம் எனக்குத்தான், ஜூன் முதல் வாரம் வந்து சேரவேண்டும் என்று பதில் வந்தது. ஊருக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்றார். அத்தை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். மெட்ராஸுக்கு நான் பெட்டி கட்டுவதற்குள் திருச்சி மாப்பிள்ளை வீட்டாரை எங்கள் ஊருக்கே வரவழைத்துவிட்டார்.

கூடம் நிறைய ஆள். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பையனும் பாவம், வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பட்டுப்புடவையில் சுற்றி நடுவில் ஜமுக்காளத்தில் உட்காரவைத்திருந்தார்கள். அத்தை பன்னீர்ச் செம்போடு வந்தவர்களுக்கெல்லாம் தெளித்துக்கொண்டே வந்து என் பின்னால் நின்றுகொண்டார். அப்போதுதான் மாப்பிள்ளையின் மாமா, "எதுக்கும் பொண்ணையும் ஒரு வார்த்த கேட்டுருங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்னத்தா, ஒனக்குச் சம்மதந்தானே?"

எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள். ஆட்டினால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம். நான் ஆட்டவில்லை.

"வெக்கப்படுறா" என்று அத்தை சிரித்தார். "நல்லாக் கேளு தம்பி, இன்னொரு தரம் கேளு." சொல்லிக்கொண்டே என் மேலும் பன்னீரைத் தெளித்தார். பிடரியில் சில்லென்று விழுந்தது. உடம்பு தன் போக்கில் சிலிர்க்கப் பார்த்தது, தலை தன் போக்கில் அசையப் பார்த்தது. பல்லைக் கடித்துக் கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே இருதயம் ஓர் இடம் விட்டது, அடுத்ததை முந்திக்கொண்டு துள்ளியது. காகிதமும் பேனாவும் இருந்தால் அப்படியே வரைந்து காட்டியிருப்பேன்.

அப்பா மறுபடி வாயைத் திறந்தார். அத்தை செம்பை மறுபடி தூக்கினார்.

நான் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன்.

"ஒரு தடவ கேட்டாச்சுல்ல அத்தே" என்றேன்.